நூறு மில்லிவாட்டில் ஒரு ஜாஸ் நிலையம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. ஊர் அரோரா, சிகாகோவுக்கு மேற்கே நாற்பது மைல். ஏ.எம். ரேடியோவில் 1650 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைத் திருப்பினால் என் நிலையம் வரும். காலை ஐந்து மணி தொடங்கி நள்ளிரவு வரை ஸ்மூத் ஜாஸ், வேறெதுவும் கிடையாது. ஜார்ஜ் பென்சனின் கிட்டார், குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் சாக்ஸபோன், பாப் ஜேம்ஸின் பியானோ, நடுநடுவே இரண்டு வரி பேசுகிற என் குரல். ஒலிபரப்பு எட்டும் தூரம் சுமார் ஒரு மைல். அந்த ஒரு மைலுக்குள் எனக்குக் கிடைத்திருக்கும் சந்தோஷத்தை என் வேலையோ, போய்வந்த ஊர்களோ, வேறு எந்தப் பொழுதுபோக்கோ தந்ததில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது, "லைசென்ஸ் வேண்டாமா?" என்றுதான். வேண்டாம்! அதுதான் இதில் இருக்கும் அற்புதம். அமெரிக்காவில் அலைவரிசைகளை ஆள்வது எஃப்.சி.சி. ஆணையம். அதன் விதிப்புத்தகத்தில் பதினைந்தாம் பகுதி என்று ஒன்று உண்டு. கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட், வைஃபை பெட்டி போன்ற சின்னச் சின்னக் கருவிகளுக்கான பகுதி. அதற்குள்ளேயே, ஏ.எம். வரிசையில் ஒலிபரப்ப ஆசைப்படும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு சிறு கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள். 510 முதல் 1705 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்குள் போகிற மின்சக்தி 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா, அதற்குப் போகும் கம்பி, எர்த் கம்பி எல்லாம் சேர்ந்து 3 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. உரிமம் பெற்ற எந்த நிலையத்துக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது. நமக்கு வருகிற இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு உட்பட்டு நடந்தால் விண்ணப்பமும் இல்லை, அழைப்புக் குறியும் இல்லை. சாதாரண மனுஷி ஒருத்தி தன் வீட்டிலிருந்து காற்றில் பாட்டு அனுப்பலாம்.

100 மில்லிவாட் என்றால் எவ்வளவு என்று புரிய வேண்டுமே. சிகாகோவின் பெரிய நிலையங்களான டபிள்யூ.ஜி.என்., டபிள்யூ.எல்.எஸ். இரண்டும் 50,000 வாட்டில் முழங்குகின்றன. நான் செலவழிப்பது அதில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. இதே பதினைந்தாம் பகுதியில் பண்பலைக்கும் இடம் உண்டு, ஆனால் அங்கே விதித்திருக்கும் அளவில் அலை அறுபது மீட்டர் தாண்டினால் பெரிது; பக்கத்து வீட்டுச் சமையலறையோடு முடிந்துவிடும். ஏ.எம்.மில் அப்படி இல்லை. மத்திய அலை தரையைப் பற்றிக்கொண்டே போகும். இல்லினாயின் கரிசல் மண்ணோ மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற மண். நூறு மில்லிவாட்டை வைத்துக்கொண்டு நாலு தெரு, ஒரு பூங்கா, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பங்க் வரை போய்வருகிறது என் பாட்டு. பண்பலை தருவது ஒரு முற்றம், ஏ.எம். தருவது ஒரு பேட்டை.

நான் மத்திய அலையிலேயே வளர்ந்தவள். திருநெல்வேலியில் எங்கள் வீட்டு ரேடியோவில் முள் எப்போதும் 1197-ல், திருநெல்வேலி வானொலியில் நிற்கும். இலங்கை வானொலியும் எங்கள் பக்கம் தெளிவாகக் கேட்கும். சிகாகோவுக்கு வந்த புதிதில் கார் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது 720-ல் டபிள்யூ.ஜி.என். வந்தது. சென்னை 'ஏ' நிலையமும் அதே 720! இந்தியாவில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்காவில் 10. அதனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் எண்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று சென்னைக்கும் சிகாகோவுக்கும் பொதுவாக விழுந்திருப்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

ஆனால் என்னை ஜாஸ் பக்கம் இழுத்தது பண்பலைதான். 1987-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கே.டி.டபிள்யூ.வி. என்ற நிலையம் 'தி வேவ்' என்ற பெயரில் இந்த வகை இசையை முழுநேரமும் ஒலிபரப்பத் தொடங்கியது. அதே ஆண்டு சிகாகோவில் 95.5-ல் டபிள்யூ.என்.யு.ஏ. வந்தது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்த நாட்களில் அங்கே காலை நிகழ்ச்சியை நடத்தியவர் யார் தெரியுமா? ராம்ஸி லூயிஸ். 1965-ல் 'தி இன் கிரௌட்' வாசித்து ஜாஸ் பியானோவை ஜனரஞ்சகப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்குள் கொண்டுபோன அதே ராம்ஸி லூயிஸ். சிகாகோவில் பிறந்து சிகாகோவிலேயே வாழ்ந்து 2022-ல் மறைந்த மேதை. அப்படிப்பட்டவர் தினமும் காலையில் போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே நமக்கு வணக்கம் சொல்லி, அடுத்து என்ன பாட்டு என்று நிதானமாகச் சொல்வார். ஐ-88 நெடுஞ்சாலையில் ஊர்ந்துபோன அந்தக் காலைகள்தான் எனக்கு ஜாஸ் கற்றுத்தந்த வகுப்பு.

பிறகு ஒவ்வொன்றாகப் போயின. நியூயார்க்கின் சி.டி. 101.9 2008-ல், சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.கே.எஸ்.எஃப். 2009-ல், அதே 2009 மே மாதம் எங்கள் டபிள்யூ.என்.யு.ஏ. அந்த வருஷங்களில்தான் நேயர் கணக்கெடுக்கும் முறையே மாறியது. கேட்டதை நேயர்கள் டைரியில் எழுதுவது போய், சட்டையில் மாட்டிக்கொள்ளும் மின்னணுக் கருவி வந்தது. புதுக் கணக்கில் இந்த இசைக்குப் பல ஊர்களில் எண்ணிக்கை குறைந்தது, நிலையங்கள் வேறு பாட்டுக்கு மாறின. இப்போது வேண்டுமென்றால் கைபேசியில் கேட்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ரேடியோவைப் போட்டதும் தானாக வந்து காதில் விழுகிற ஜாஸ் எங்கள் ஊரில் இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில்தான் என் 1650 நிற்கிறது.

இந்த இசை ஏ.எம்.மில் நன்றாக இருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வேன்: இந்த இசைக்காகவே செய்த அறை ஏ.எம். பண்பலையை விட, குறுந்தட்டை விட, எனக்கு இது உயர்த்தி. காரணம் இருக்கிறது. ஆல்டோ, டெனர் சாக்ஸபோன்கள் வாசிக்கிற சுரங்களின் அடிப்படை அதிர்வுகள் 1000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரும் ஏறக்குறைய அப்படித்தான். அது ஒலிக்கிற ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரே 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடுகிற ரகம். பென்சனோ, அவருக்கு முன்னோடியான வெஸ் மாண்ட்கோமரியோ வாசிப்பது கீச்சென்ற கூர்மையே இல்லாத, உருண்டு திரண்ட நாதம். மாண்ட்கோமரி வாசித்தது பிளெக்ட்ரத்தால் அல்ல, வெறும் கட்டைவிரலால்தான். அமெரிக்க ஏ.எம். விதிப்படி 10,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி அனுப்பலாம். ரேடியோப் பெட்டிகள் அதில் பாதியைத்தான் வெளியே விடும் என்றாலும், பாட்டின் உயிர் முழுவதும் அந்தப் பாதிக்குள்ளேயே இருக்கிறதே! போவது என்ன? சிம்பலின் சிலுசிலுப்பு, டிஜிட்டல் பதிவுகளில் காதைக் குத்தும் அந்த ஓரம். மிஞ்சுவது மரமும் பித்தளையும் விரலும் மூச்சும்.

'வைன்லைட்' என்று குரோவர் வாஷிங்டனின் 1980 ஆல்பம் ஒன்று இருக்கிறது. அதில் பேஸ் கிட்டார் மார்கஸ் மில்லர், டிரம்ஸ் ஸ்டீவ் கேட். பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' இதில்தான் வருகிறது. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை ஒரு நல்ல மரப்பெட்டி வால்வு ரேடியோவில், ஏ.எம்.மில் கேட்டுப்பாருங்கள். பேஸ் நம் கால் பெருவிரலுக்கு அடியில் நடக்கிறது. சாக்ஸபோன் அறைக்குள்ளே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதே பாட்டை விலையுயர்ந்த ஹெட்ஃபோனிலும் கேட்டிருக்கிறேன். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, இந்த நெருக்கம் மட்டும் இல்லை.

இனி என் கொல்லைக்கு வாருங்கள். வேலியை ஒட்டி ஒரு மரக்கம்பம். அதில் மழை புகாத பெட்டிக்குள் டிரான்ஸ்மிட்டர். இந்தப் பதினைந்தாம் பகுதிக்காரர்கள் மத்தியில் பேர்போன, சான்று பெற்ற ரேஞ்ச்மாஸ்டர். அதன் தலையில் 102 அங்குல எஃகுக் குச்சி ஆன்டெனா. கீழே எர்த். 102 அங்குலம் என்பது 2.59 மீட்டர், ஆக, எர்த் கம்பிக்கு எனக்கு மிஞ்சுவது சுமார் 40 சென்டிமீட்டர். 1650 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 182 மீட்டர். முறையான நிலையம் என்றால் அதில் கால்பாகம், 45 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பும். நமக்கு மூன்று மீட்டர். இந்தக் குட்டைக் குச்சியைப் பெரிய கோபுரம் மாதிரி நடிக்கவைப்பதற்குத்தான் காயில். காயிலும் ஆன்டெனாவும் சரியாக ஒத்திசைந்தால் மட்டுமே இருக்கிற துளி சக்தியும் காற்றில் ஏறும்.

ஒத்திசைக்கிற வேலை இருக்கிறதே, அதைவிட இன்பமான வேலை உலகத்தில் இருக்க முடியாது. பெட்டியைத் திறந்து, மீட்டரை மாட்டிக்கொண்டு, முழங்காலிட்டு உட்காருவேன். உலோக ஸ்க்ரூடிரைவர் ஆகாது, அதுவே ஒத்திசைவைக் கலைக்கும், பிளாஸ்டிக் கருவிதான். மயிரிழை திருப்புவேன். மீட்டரின் முள் மெல்ல ஏறும், இன்னும் கொஞ்சம் ஏறும், உச்சிக்கு வந்து சட்டென்று சரியும். திரும்பி உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், கை விலகியதாலேயே முள் இறங்கும்! என் உடம்பும் ஆன்டெனாவின் சுற்றுப்புறத்தில் ஓர் அங்கம். ஆக, நான் விலகிப்போன பிறகு எங்கே நிற்குமோ அதைக் கணித்து, வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் போய், பைனாக்குலரில் மீட்டரைப் பார்ப்பேன். மழை பெய்தால் மாறும். பனி உறைந்தால் மாறும். மார்ச் மாதம் நிலம் இளகும்போது மறுபடியும் மாறும். பருவத்துக்குப் பருவம் மண்ணோடு பேசிக்கொண்டு நடத்துகிற நிலையம் இது.

முள் உச்சியில் நின்றதும் சாவியை எடுத்துக்கொண்டு காரில் கிளம்புவேன். 1650-ஐப் போட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டே போவேன். பள்ளிக்கூடம் தாண்டியும் கேட்கிறது. நூலகத் திருப்பம், இன்னும் கேட்கிறது. மின்கம்பிகளுக்கு அடியில் இரைச்சல் வந்து, தாண்டியதும் பென்சன் மறுபடியும் மேலெழுவார். கடைசியில் ஓர் இடத்தில் இரைச்சல் பாட்டைத் தோளுக்கு மேல் மூடும். அங்கே வண்டியை ஓரம்கட்டி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிகளை இணைத்து வரைந்த கோடு என் மேசைக்கு எதிரே சுவரில் தொங்குகிறது. என் தேசத்தின் எல்லை!

1650-ஐத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஏ.எம். டயலில் 1600-க்கு மேலே இருப்பது விரிவாக்கப்பட்ட பகுதி. நிலையங்கள் குறைவு, சின்னவர்களுக்கு மூச்சுவிட இடம் உண்டு. 1690-ல் சிகாகோவின் புகழ்பெற்ற டபிள்யூ.வி.ஓ.என். இருக்கிறது. 1963-ல் செஸ் ரெக்கார்ட்ஸ் சகோதரர்கள் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய நிலையம் அது. அந்தக் காலத்தில் 1450-ல் இருந்தது. அவர்களுக்கு மரியாதையான தூரத்தில், பகலில் வெற்றிடமாக இருந்த 1650-ல் நான் உட்கார்ந்துகொண்டேன். சூரியன் மறைந்ததும் கதை மாறும். பகலில் மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருக்கும் 'டி' அடுக்கு வளிமண்டல உயரத்தில் கலைந்துபோக, மேலடுக்குகளில் பட்டுத் திரும்பித் தூரத்து நிலையங்கள் வந்து இறங்கும். ஐயோவா பக்கத்துக் குரல்கள் என் பாட்டுக்கு அடியில் முணுமுணுக்கும். டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே இருட்டிவிடுவதால் என் எல்லைக்கோடும் அப்போதே சுருங்கத் தொடங்கும். அதனால் என் மிகச்சிறந்த பாட்டுகளெல்லாம் குளிர்காலத்தில் பிற்பகலுக்கு நகர்ந்துவிடும். வெயிலைப் பார்த்து நிகழ்ச்சி நிரல் போடுவது எத்தனை நிலையங்களுக்கு வாய்க்கும்?

ஜாஸுக்கும் ஏ.எம்.முக்கும் உள்ள உறவு நான் கண்டுபிடித்ததல்ல. ஜாஸை நாடெங்கும் கொண்டுபோனதே ஏ.எம்.தான். 1920-களின் கடைசியில் டியூக் எல்லிங்டன் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் வாசித்ததை வானொலி நேரடியாக ஒலிபரப்பியதால்தான் அவர் பெயர் நாடு முழுதும் பரவியது. எனக்கு இதிலெல்லாம் மிகப் பிடித்தது 1936-ல் இதே சிகாகோவில் நடந்தது. பென்னி குட்மேனின் குழு காங்கிரஸ் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஜான் ஹேமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் இரவு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து ரேடியோவைத் திருப்புகிறார். டயல் முடிகிற இடத்தில், 1500-க்கு மேலே, டபிள்யூ9எக்ஸ்.பி.ஒய். என்ற பரிசோதனை நிலையம் கேட்கிறது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கன்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பிலிருந்து ஒரு குழு வாசிக்கிறது. கவுன்ட் பேஸி! ஹேமண்டுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கன்சாஸ் சிட்டிக்கே போனார், ஊரெல்லாம் எழுதினார், அந்த ஆண்டு முடிவதற்குள் பேஸியின் குழு சிகாகோ மேடையில் இருந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: அந்தப் பரிசோதனை என்ன பரிசோதனை தெரியுமா? ஏ.எம்.மில் உயர்தர ஒலி. வழக்கமான 10 கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக 20 கிலோஹெர்ட்ஸ் அகலம் கொடுத்து, டயலின் மேல்கோடியில் நாலு நிலையங்களுக்கு அனுமதி தந்திருந்தார்கள். அதில் ஒன்றுதான் பேஸியை ஏற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்றான நியூயார்க்கின் டபிள்யூ2எக்ஸ்.ஆர்.தான் பின்னாளில் செவ்வியல் இசைக்குப் பேர்போன டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆர். ஆயிற்று. நல்ல ஜாஸ், நல்ல ஒலியோடு, டயலின் மேல்கோடியில். தொண்ணூறு ஆண்டுகளாக அந்த முகவரி மாறவில்லை, நான் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் குடிவந்திருக்கிறேன்.

நிகழ்ச்சி ஓடுவது ஒரு பழைய மடிக்கணினியில், ரேடியோடிஜே என்ற இலவச மென்பொருளில். இசை உரிமைச் சங்கங்களுக்குச் சேர வேண்டியதைக் கட்டிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தை எப்படிக் கோர்ப்பது என்பதில்தான் என் மனம் முழுக்க இருக்கிறது. மணி தொடங்கும்போது எல்லாருக்கும் தெரிந்த ஒன்று: பென்சனின் 'பிரீஸின்', அல்லது சக் மாஞ்சியோனியின் 'ஃபீல்ஸ் சோ குட்'. மாஞ்சியோனியை நான் ஒருநாளும் வெட்டுவதில்லை. வானொலிக்காகச் சுருக்கிய மூன்றரை நிமிட வடிவம் இருந்தாலும், ஆல்பத்தில் உள்ள ஒன்பது நிமிடத்துக்கு மேற்பட்ட முழு வடிவம்தான் என் நிலையத்தில். ஃப்ளூகல்ஹார்ன் மெல்லத் தொடங்கி, தாளம் வந்து சேர்கிற அந்த இடத்துக்காகக் காத்திருப்பதே சுகம். அடுத்து ஒரு குரல்: சாடே, அல்லது குரூசேடர்ஸோடு ராண்டி கிராஃபோர்ட் பாடிய 'ஸ்ட்ரீட் லைஃப்'. பிறகு அதிகம் கேட்டிராத ஒன்று. ஜப்பானிய கோட்டோ வாத்தியத்தை நடுநாயகமாக வைத்து வாசிக்கும் ஹிரோஷிமா குழு, கெய்கோ மட்சுயியின் பியானோ. நம் எல். சுப்ரமணியம் ஜாஸ் கலைஞர்களோடு செய்த பதிவுகளையும் நுழைப்பேன். கர்நாடக வயலின் வளைவுகள் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோவின் மணியோசை மேல் உட்காரும்போது மயிர்க்கூச்செறியும்.

கென்னி ஜி உண்டா என்று கேட்பார்கள். உண்டு, சந்தோஷமாக உண்டு. இந்த இசையை லிஃப்டில் போடுகிற இசை என்று சொல்கிற ஜாஸ் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஸ்டீவ் கேட் ஒரு பாட்டில் எத்தனை அடியை அடிக்காமல் விடுகிறார் என்று கவனித்துக் கேட்டால் போதும். இந்த இசையை வாசித்தவர்கள் அனைவரும் கரைகண்டவர்கள். குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

என் குரலைப் பதிவுசெய்வது படுக்கையறைத் துணி அலமாரிக்குள். தொங்குகிற கோட்டும் சேலையும் எதிரொலியை உறிஞ்சிவிடும்; லட்சக்கணக்கில் செலவழித்த ஸ்டுடியோ மாதிரி இருக்கும். பாட்டு, கலைஞர், ஆண்டு, கூட வாசித்தவர் ஒருவர் பெயர். இவ்வளவுதான் சொல்வேன். ராம்ஸி லூயிஸிடம் படித்த பாடம். பிறகு ஒலியைப் பக்குவப்படுத்த வேண்டும். ஏ.எம்.மில் அலையின் கீழ்ப்பாதி நூறு சதவீதத்தைத் தாண்டினால் ஒலி கிழியும். மேல்பாதிக்கு நூற்றிருபத்தைந்து வரை இடம் உண்டு. பெரிய வணிக நிலையங்கள் எல்லாவற்றையும் நசுக்கிச் சத்தத்தை ஏற்றிவிடும். நான் நசுக்குவதில்லை. கொஞ்சம் தாழ்ந்தாலும் பரவாயில்லை, சாக்ஸபோன்காரர் மூச்சு இழுப்பது கேட்க வேண்டும். கேட்கிறது!

யார் கேட்கிறார்கள்? இரண்டு வீடு தள்ளி, ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கறுப்பினப் பெரியவர் இருக்கிறார். அவர் கராஜில் ஒரு ஜெனித் வால்வு ரேடியோ. ஜெனித் சிகாகோ கம்பெனி, அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வேலியோரம் கூப்பிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷமா பேச்சும் பேஸ்பாலும்தான் இதுல வந்துச்சு. போன வாரம் என்னமோ திருப்பறேன், 'சன் காடஸ்' வருது. அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டேன். யாரு இதைப் போடறதுன்னு கேட்டா நீங்கன்றாங்க!" 'சன் காடஸ்' 1974-ல் ராம்ஸி லூயிஸ், தன் பழைய டிரம்ஸ்காரரும் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவைத் தொடங்கியவருமான மோரிஸ் வைட்டோடு சேர்ந்து செய்தது. லூயிஸின் கச்சேரிகளுக்குப் போன கதைகளை அவர் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. இப்போது செவ்வாய்க்கிழமைப் பிற்பகல் அவர் எழுதித் தருகிற பட்டியல்தான் ஓடுகிறது.

எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருநாள் என் ரேடியோ பக்கத்தில் நின்று, "ஆண்ட்டி, பிடிக்கலைன்னா இதுல எப்படி ஸ்கிப் பண்றது?" என்றான். "முடியாதுப்பா, வர்றதைக் கேட்கணும்" என்றேன். கொஞ்சம் யோசித்தான். "அப்போ இப்போ இதே பாட்டைத்தான் எல்லாரும் கேட்டுட்டிருக்காங்களா?" என்றான். ஆமாம் கண்ணா, அதேதான்! இந்த நொடியில் இந்த சாக்ஸபோன் கராஜிலும், தெருமுனையில் நிற்கிற காரிலும், என் சமையலறையிலும் ஒரே சமயத்தில் ஒலிக்கிறது. அதற்காகத்தானே இத்தனையும்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் நாள் பூராவும் கேட்டாள். "ஏட்டி, இது நம்ம கத்ரி கோபால்நாத் வாசிப்பாருல்லா, அந்த வாத்தியம்லா?" என்று சரியாகப் பிடித்துவிட்டாள். அவர் வாசித்த 'டூயட்' படம் வந்த 1994-லிருந்து தமிழ்க் காதுக்கு சாக்ஸபோன் சொந்தம்தானே. குரோவர் வாஷிங்டன் ஓடும்போது அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டியதை நான் பார்த்தேன். "அவசரமே இல்லாம வாசிக்காம் பாரு" என்றாள். ஒரு ஜாஸ் விமர்சகர் பத்துப் பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது.

ஏ.எம். போய்விடும் என்று பேசுகிறார்கள். மின்சாரக் கார்களின் மோட்டார் எழுப்பும் இரைச்சலைக் காட்டிச் சில நிறுவனங்கள் காரிலிருந்து ஏ.எம்.மை எடுத்தன. 2023-ல் ஃபோர்டு நிறுவனமும் எடுக்கப்போவதாகச் சொல்லி, எழுந்த எதிர்ப்பைப் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு காரிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் மசோதாவும் வந்தது. நான் என் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். புயல் எச்சரிக்கை, விவசாயச் செய்தி என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களோடு, நாலு தெருவுக்கு ஜாஸ் அனுப்ப இதைவிட்டால் வழியில்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

அடுத்த கனவு ஸ்டீரியோ. ஏ.எம்.மில் ஸ்டீரியோ உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இங்கே பக்கத்தில் ஷாம்பர்கில் தலைமையகம் வைத்திருந்த மோட்டரோலா உருவாக்கிய சி-குவாம் முறையை 1993-ல் எஃப்.சி.சி. நாட்டின் தரமாகவே அறிவித்தது. சாதாரண ரேடியோவில் வழக்கம்போல ஒரே தடமாகக் கேட்கும், அதற்கான ரேடியோவில் இடமும் வலமும் பிரியும். சொந்த உபயோகத்துக்குக் கையால் கட்டிக்கொள்ளும் டிரான்ஸ்மிட்டருக்கு விதியில் இடம் இருக்கிறது; சர்க்யூட் பலகை மேசையில் வந்து கிடக்கிறது, சால்டரிங் தொடங்கியாயிற்று. கராஜ்காரப் பெரியவர் தன் பங்குக்கு ஒரு பழைய சோனி ஏ.எம். ஸ்டீரியோ வாக்மேனை எங்கோ தேடிப்பிடித்து வாங்கிவைத்துக்கொண்டு, எப்போது, எப்போது என்று நச்சரிக்கிறார். தயாரானதும் முதல் பாட்டு எது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. அவர் 'சன் காடஸ்' என்கிறார். பாப் ஜேம்ஸும் ஏர்ல் க்ளூவும் சேர்ந்து 1979-ல் போட்ட 'ஒன் ஆன் ஒன்' ஆல்பத்தில் பியானோ ஒரு பக்கமும் கிட்டார் ஒரு பக்கமும் பிரிந்து நிற்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.